எல்லாம் ஒரேடியாப் போயிருச்சுங்ணா

என் தம்பி அன்னைக்குச் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாம் ஒரேடியாப் போயிருச்சுங்ணா." வாழைத்தார் ஏத்திக்கிட்டு மலையிறங்கின எங்க பிக்கப்பு பாதி வழியில ஒரு வளைவுல, ரோட்டோரச் சுவத்துல மூக்கைக் குத்திக்கிட்டு நின்னுச்சு. அந்தச் சுவரு மட்டும் இல்லைன்னா அதைச் சொல்லக்கூட அவன் இருந்திருக்க மாட்டான். பம்பர் மடங்கி, ஒரு பக்க லைட்டு நொறுங்கி, பாதித் தாரு ரோட்டுல செதறிக் கெடந்துச்சு. அவன் நெத்தியில சின்னதா ஒரு காயம். சுவத்து மேல உக்காந்திருந்தவன், சேதி கேட்டு ஓடி வந்த என்னைக் கண்டதும் எந்திரிச்சு நின்னுதான் சொன்னான்.

நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? "ஊதுடா"ன்னேன்.

ஆமாங்க. பஸ்ஸு ஒண்ணு நின்னு, அதுல வந்த சனமெல்லாம் இறங்கி வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்துச்சு. அத்தனை பேரு முன்னாடியும் கூடப் பொறந்தவன் வாய்கிட்ட மூக்கைக் கொண்டு போயி, ஊதுடான்னேன். அவன் ஊதினான். காலையில குடிச்ச டீ வாசம்தான் வந்துச்சு. அப்பவாச்சும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். எனக்குத்தான் கோவம் வந்தா வாயி நிக்காதே. "அப்பத் தூங்கித் தொலைஞ்சுட்டே"ன்னேன். பஸ்ஸுல வந்த ஒருத்தர், "மலை ரோட்டுல வண்டி ஓட்டறவன் பொறுப்பா ஓட்ட வேண்டாமுங்களா"ன்னு எனக்கு ஒத்து ஊதினாரு. அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது. ஆனா அவரு பேச்சு எனக்கு இனிச்சுச்சு.

எங்களுக்கு மலை மேல திருப்புலி நாடு; நாலஞ்சு ஊரு சேந்ததை இங்க நாடும்பாங்க. மொளகு, மரவள்ளி, கொஞ்சம் வாழை, நாலு பலா மரம். அந்தப் பிக்கப்பு எங்க கைக்கு வர்றப்பவே நாலு பேரு ஓட்டிக் கழிச்ச வண்டி. கதவைச் சாத்தணும்னா ஒரு தூக்குத் தூக்கி அடிக்கணும். ஜன்னல் கண்ணாடியைச் சுத்தி ஏத்தற பிடி எப்பவோ போயிருச்சு, அதுக்கொரு குறடு சீட்டுக்கு அடியில கெடக்கும். இஞ்சின் மட்டும் நல்ல இஞ்சின். எனக்கு இடுப்பு நோவு வந்து உக்காந்து ஓட்ட முடியாமப் போனதுல இருந்து தம்பிதான் ஓட்டினான். மலை ரோட்டோட எழுவது வளைவும் அவனுக்குக் கால்ல தெரியும். எந்த வளைவுல எந்த கியரு, எங்க எதிர்ல பஸ்ஸு வந்தா ஒதுங்க எடம் இருக்கு, எல்லாம் அத்துபடி. என்னைய விட நல்லா ஓட்டுவான். அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சதை வாய் விட்டுச் சொன்னதில்லை.

ஊட்டுக்கு வந்ததுக்கு அப்பறம் நடந்ததை நிதானமாச் சொன்னான். பனி மூடியிருந்துச்சாம், லைட்டுப் போட்டுக்கிட்டுத்தான் இறங்கினானாம். இடக்கைப் பக்கம் திரும்பற வளைவுல கியரைக் கொறைக்கக் கிளட்ச்சை மிதிச்சிருக்கான். அந்த நிமிசம் லைட்டு அணைஞ்சு, இஞ்சின் நின்னு, ஆரன் அடிச்சா சத்தம் இல்லை, ஸ்டியரிங் இறுகிக்கிச்சு, பிரேக்கு ரெண்டு மிதிக்கப்பறம் கல்லாட்டம் ஆயிருச்சு. "ஒவ்வொண்ணா போகலீங்ணா. சுவிட்சை அணைச்சாப்ல எல்லாம் ஒரேடியாப் போச்சு"ன்னான்.

"எந்த வண்டிடா அப்படிப் போகும்? லைட்டுப் போகும், இல்லை இஞ்சின் நிக்கும். எல்லாமா சேந்து சொல்லி வெச்சுக்கிட்டுப் போகும்?"னு கத்தினேன். என் ஊட்டுக்காரி அடுப்படியில இருந்து, "ஏனுங்க, கொழுந்தனாரு என்னைக்குங்க பொய் சொல்லியிருக்காரு?"ன்னா. உனக்கென்ன வண்டியப் பத்தித் தெரியும்னு அவளையும் அடக்கினேன். அவளுக்கு வண்டியப் பத்தித் தெரியாதுதான். ஆளைப் பத்தித் தெரிஞ்சிருந்துச்சு.

வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போயி, மலைக்குக் கீழ சேந்தமங்கலத்துல ஒரு பட்டறையில விட்டோம். பம்பரை நிமித்தி, லைட்டை மாத்தினாங்க. பேட்டரிக்குப் பக்கத்துல பெரிய பியூஸ் ஒண்ணு கருகிக் கெடந்துச்சு. "இடிச்ச இடியில போயிருக்குமுங்க"ன்னு பட்டறைக்காரர் வேற போட்டாரு. சாவியைத் திருப்பின உடனே வண்டி கெளம்பிருச்சு. லைட்டு எரியுது, ஆரன் அடிக்குது. "வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க"ன்னு அவரு சொன்னதை நான் கோர்ட்டுத் தீர்ப்பாட்டம் எடுத்துக்கிட்டேன். பியூஸ் போனதால வண்டி இடிச்சுச்சா, இடிச்சதால பியூஸ் போச்சான்னு ஒருத்தரும் கேக்கலை. தம்பி மட்டும் கேட்டான். "சுவத்துல முட்டறதுக்கு முன்னாடியே லைட்டுப் போச்சுங்ணா"ன்னான். நான் காதுல வாங்கிக்கலை.

இது வண்டியோட போயிருந்தா பரவாயில்லை. தம்பிக்கு அப்பத்தான் வளப்பூர் நாட்டுல ஒரு பொண்ணு பேசி முடிச்சிருந்தோம். அவனுக்கு ரொம்பப் புடிச்ச பொண்ணு. கோயில் நோம்பியில பாத்து, அவனே என் ஊட்டுக்காரிகிட்ட வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லி, அவ என்கிட்டச் சொல்லி அமைஞ்ச எடம். வளைவுல எங்க வண்டி முட்டின சேதி அவங்க ஊருக்குப் போறப்பவே, நான் ஊதச் சொன்ன சேதியும் சேந்தே போயிருந்துச்சு. இல்லாமலா ஊதச் சொல்லுவான், அதும் சொந்த அண்ணனேங்கற பேச்சு. பொண்ணோட அப்பாவும் தாய்மாமனும் ஒரு நாள் காலையில பஸ்ஸேறி எங்க ஊட்டுக்கு வந்துட்டாங்க. தம்பி காட்டு வேலையில இருந்தான். காப்பி குடிச்சுட்டு, அந்தப் பெரியவரு தயங்கித் தயங்கி என்னைக் கேட்டாரு. "தப்பா நெனச்சுக்காதீங்க. பையன் குடிப்பாருங்களா?"

நோம்பி நாள்ல ரெண்டு தடவை குடிச்சதைப் பாத்திருக்கேன். அவ்வளவுதான். அந்த வயசுல நானும் குடிச்சேன், கேட்டுக்கிட்டு இருந்த தாய்மாமனும் குடிச்சிருப்பாரு. "அதெல்லாம் இல்லீங்க, நல்ல பையன், நானாச்சு"ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. அண்ணனுக்கு வேற என்ன வேலை? ஆனா பம்பர் மடங்கினதும், தாரு செதறினதும் நெஞ்சுல அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. "எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க. தெரியாம என்ன பண்றான்னு நான் எங்கீங்க கண்டேன்"னேன். அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. காப்பி டம்ளரை எடுக்க வந்த என் ஊட்டுக்காரி டம்ளரை எடுக்காம அப்படியே திரும்பிப் போயிட்டா.

அடுத்த வாரமே வேற சாக்குச் சொல்லி சம்பந்தத்தை முறிச்சுட்டாங்க. தம்பி வண்டிச் சாவியைச் சாமி படத்துக்குக் கீழ வெச்சான். ரெண்டு சட்டையைப் பையில போட்டுக்கிட்டு, அண்ணிகிட்ட மட்டும் சொல்லிட்டு, சேந்தமங்கலத்துக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டான். "நாலு நாள்ல வந்துருவான், எங்க போகப் போறான்"னு நான் நெனச்சேன். தீவாளிக்கு வரலை. பொங்கலுக்கும் வரலை. தை மாசம் அந்தப் பொண்ணை வேற எடத்துல கட்டிக் குடுத்துட்டாங்க.

நான் இடுப்புல பெல்ட்டைக் கட்டிக்கிட்டு வண்டியை எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, ஒரு நோவும் இல்லாம ஓடுச்சு. மரவள்ளி இறக்கினேன், மொளகு இறக்கினேன், ஒரு தடவைகூட லைட்டு மினுக்குன்னு சிமிட்டலை. ஒவ்வொரு தடவை மலையிறங்கி அடிவாரத்துல வண்டியை நிறுத்தறப்பவும் எனக்குள்ள ஒரு அற்ப சந்தோசம். பாத்தியாடா, வண்டியில கோளாறா உன்கிட்டக் கோளாறா. எதிர்ல ஆளே இல்லாம ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஆனி மாசம் பலாப்பழம் ஏத்திக்கிட்டு இறங்கினேன். மத்தியானம், மழை தூறிக்கிட்டு இருந்துச்சு, வைப்பர் ஓடுது. நல்ல பாரம். இடக்கைப் பக்கம் திரும்பற வளைவு. கியரைக் கொறைக்கக் கிளட்ச்சை மிதிச்சேன். வைப்பர் கண்ணாடிக்கு நடுவுல அப்படியே நின்னுருச்சு. இஞ்சின் சத்தம் இல்லை. ஆரனை அமுக்கினேன், சத்தம் இல்லை. ஸ்டியரிங் உடும்பாட்டம் புடிச்சுக்கிச்சு. பிரேக்கு ஒரு மிதி கேட்டுச்சு, ரெண்டாவது மிதி கேட்டுச்சு, மூணாவது கல்லு.

ஐயோ சாமீன்னு கத்தினேன். கத்தினது சாமியை இல்லீங்க, தம்பியை நெனச்சுத்தான் கத்தினேன். ஏன்னா அவன் சொன்னது ஒண்ணு விடாம, அதே வரிசையில நடக்குது. கிளட்ச்சை விட்டேன், கியரு புடிச்சு வண்டி குலுங்குச்சு. ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கை மல்லுக்கட்டி மலைப்பக்கம் சாக்கடைக்குள்ள ஒரு சக்கரத்தை இறக்கினேன். வண்டி உரசிக்கிட்டே போயி நின்னுச்சு. எனக்கு மலைப்பக்கம் வாய்ச்சுச்சு, அவனுக்குப் பள்ளத்துப் பக்கம் வாய்ச்சுச்சு. அவ்வளவுதான் எங்க ரெண்டு பேரு சாமர்த்தியத்துக்கும் வித்தியாசம்.

கதவைத் தள்ளிக்கிட்டு இறங்கினேன். பின்னால வந்த வேன்காரர் இறங்கி ஓடி வந்து, "என்னாச்சுங்க?"ன்னாரு. என் வாயில வந்தது என்ன தெரியுங்களா? "எல்லாம் ஒரேடியாப் போயிருச்சுங்க." சொல்லிட்டு அங்கயே ரோட்டுல உக்காந்துட்டேன். அந்த மனுசன் என்னை ஊதச் சொல்லலை. தண்ணி பாட்டிலைக் குடுத்தாரு.

மேல பஸ்ஸு நிக்கற எடத்துல வண்டிக்கு எலெக்ட்ரிக் வேலை பாக்கற ஆளு ஒருத்தர் இருக்காரு. வாய்த் துடுக்கு ஜாஸ்தி, கை சுத்தம். போன் போட்டதும் ரெயின்கோட்டை மாட்டிக்கிட்டு மொபெட்டுல வந்துட்டாரு. அதுக்குள்ள வேன்காரரும் நானும் இன்னும் ரெண்டு பேருமாச் சேந்து வண்டியைச் சாக்கடையில இருந்து ஏத்தி, வளைவு அகலத்துல ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல்லு வெச்சிருந்தோம்.

அவரு முதல்ல பேட்டரி முனையை ஆட்டிப் பாத்தாரு. ஆடலை. ரெண்டு ஒயர் மாட்டின சின்ன பல்பு ஒண்ணு வெச்சிருந்தாரு. ஒரு ஒயரைப் பேட்டரியிலயும் இன்னொண்ணை வண்டியோட இரும்புலயும் வெச்சதும் பல்பு நல்லா எரிஞ்சுச்சு. "பேட்டரி தங்கமா இருக்குதுங்க"ன்னாரு. அப்பறம் அந்தப் பெரிய பியூஸைக் கழட்டி என் கையில வெச்சாரு. கருகிப் போயிருந்துச்சு. தம்பி இடிச்சப்பப் பாத்த அதே கருகல். "இப்ப நான் எங்கயும் இடிக்கலையேப்பா"ன்னேன்.

"இடிச்சா எதுக்குங்க இது போகுது? பேட்டரி ஒயரு எங்கியோ நேரா இரும்பைத் தொட்டிருக்கு. அப்பத்தான் இப்படிக் கருகும்"னாரு.

"சரி, வேற ஒண்ணைப் போடு. பழம் கெட்டுப் போகும்."

"போடறனுங்க. எத்தனையாவது வளைவுல அடுத்தது போகணும்னு சொல்லுங்க, போடறேன்."

எனக்குக் கோவம் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அவரு பியூஸ் எடத்துல பழைய ஹெட்லைட்டு பல்பு ஒண்ணை மாட்டினாரு. எனக்கு வெளங்கறாப்ல சொல்லவும் செஞ்சாரு. ஒயரு எங்கியாச்சும் இரும்பைத் தொட்டுச்சுன்னா இந்த பல்பு பளிச்சுன்னு எரியும். பியூஸாட்டம் கருகாது, தாங்கும். தொட்டது விலகினா அணைஞ்சுரும். "இது எரியறவரைக்கும் நாம தேடணுமுங்க"ன்னாரு. சாவியை அணைச்சுட்டுப் பாத்தோம், பல்பு எரியலை. ஒயரையெல்லாம் புடிச்சு உலுக்கினாரு, எரியலை.

"கோளாறு போயிருச்சு போல"ன்னேன்.

"எங்கீங்க போகும்? உள்ளதான் படுத்துக் கெடக்கு. வண்டி இப்ப மட்டமா நிக்குதுல்ல"ன்னவரு, "எந்தக் கைப்பக்கம் திரும்பறப்பப் போச்சுங்க?"ன்னாரு. இடக்கைன்னேன். "மின்ன ஒருக்கா முட்டுச்சுன்னு பேசிக்கிட்டாங்களே, அது?" அதுவும் இடக்கைதான். அதைச் சொல்றப்ப என் கொரல் கீழ போயிருச்சு. ரெண்டும் ஒரே கை, ரெண்டும் பாரத்தோட, ரெண்டும் இறக்கம். எந்த மடையனும் முடிச்சுப் போட்டிருப்பான், தம்பி பேச்சைக் கேட்டிருந்தா.

இடக்கைப் பக்கம் திரும்பினா வண்டி வலப்பக்கம் சாயும். அதனால இடப்பக்கம் முன்சக்கரத்துக்கு ஜாக்கி வெச்சுத் தூக்குனாரு. வளைவுல சாயறாப்லயே வண்டி வலப்பக்கமாச் சாஞ்சுச்சு. அவரு கதவைப் புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டினாரு. பல்பு பளீர்னு எரிஞ்சுச்சு. அந்த மழை இருட்டுல கண்ணு கூசுச்சு.

"மாட்டிக்கிச்சு கழுதை"ன்னு சிரிச்சாரு. நான் சிரிக்கலை.

அதுக்கப்பறம் ஒவ்வொண்ணாப் புடுங்கினாரு. லைட்டுக்குப் போற ஒயரைக் கழட்டினாரு, பல்பு எரியுது. ஆரனைக் கழட்டினாரு, எரியுது. வைப்பர், எரியுது. நடுவுல என்னைக் கேட்டாரு. "டேஷ் போர்டு உள்ளாற கடைசியா கை வெச்சது யாருங்க? பாட்டுப் பொட்டி, கலர் லைட்டு, ஏதாச்சும் புதுசா மாட்டினீங்களா?"

"ஒண்ணும் மாட்டலை"ன்னேன். "ஒரு திருகாணிகூட மாட்டலை"ன்னு அடிச்சுச் சொன்னேன். அந்த நேரத்துல கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பேன். நான் பொய் சொல்லலீங்க.

மிச்சம் இருந்தது பேட்டரியில இருந்து சாவிக்கு வர்ற தடி ஒயரு ஒண்ணுதான். ஸ்டியரிங்குக்கு அடியில மல்லாக்கப் படுத்து, கால் ரெண்டையும் வெளிய நீட்டிக்கிட்டு, கையை உள்ள விட்டுத் தடவினாரு. பல்பு அணைஞ்சுச்சு. "அணைஞ்சுதுங்களா?" அணைஞ்சுருச்சுன்னேன். "இப்ப?" எரியுது. "இப்ப?" அணைஞ்சுருச்சு. அப்படியே கையில எதையோ புடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்தாரு.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு. கட்டம் போட்டு எழுத்துக் கீறினது. ஒரு மூலை கருகி, ஓட்டை விழுந்து உருகியிருந்துச்சு.

நான் வெச்ச தகடு.

அடிவாரத்துல தகடு எழுதிக் குடுக்கறவரு ஒருத்தர் இருக்காரு. வண்டிக்கு, ஊட்டுக்கு, காட்டுக்குன்னு எழுதுவாரு. தம்பி முட்டறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடி, ஆவணி அமாவாசையன்னைக்கு அவருகிட்ட எழுதி வாங்கினேன். தம்பி ஓட்டறது மேல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். சின்ன வயசு, போன்ல பாட்டுக் கேட்டுக்கிட்டே ஓட்டறான், எவன் கண்ணு படுமோ, எப்பக் குடிப்பானோ. தகட்டுக்காரரு ரெண்டு விசயம் சொன்னாரு. தகடு வண்டியோட இரும்பைத் தொட்டாப்ல இருக்கணும். வண்டி ஓட்டறவனுக்கு அது தெரியப்படாது. ரெண்டையும் அட்சரம் பெசகாமச் செஞ்சேன். விடியக் காத்தால குளிச்சுட்டு, டேஷ் போர்டுக்கு அடியில கையை விட்டு, சாவிக்குப் பின்னால ஒரு இரும்புச் சந்துல சொருகினேன். அங்கதான் அந்தத் தடி ஒயரோட முனை ரப்பர் போயி மொட்டையா நின்னுக்கிட்டு இருந்திருக்கு. பாரத்தோட வலப்பக்கம் சாயறப்ப ஒயரு ஊசலாடி வந்து தகட்டைத் தொடும். தகடு இரும்பைத் தொட்டுக்கிட்டு இருக்குல்ல, நான்தான் தொட வெச்சனே. தொட்ட நிமிசம் எல்லாம் ஒரேடியாப் போயிரும்.

எலெக்ட்ரீசியன் கேட்டப்ப எனக்கு ஏன் ஞாபகம் வரலைன்னா, தகடு வண்டிச் சாமான்னே எனக்குத் தோணலை. அது சாமி சாமான். திருகாணிக்குக் கணக்கு வெச்சிருந்தேன், தகட்டுக்கு இல்லை.

இதை விடக் கேவலம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். தம்பி சுவத்துல முட்டி உசுரோட வந்தப்ப, தகடுதான் அவனைக் காப்பாத்துச்சுன்னு நான் நம்பினேன். அவனை ஊதச் சொன்ன அதே வாரத்துல, யாருக்கும் சொல்லாம, கோயில்ல ஒரு சேவலை அறுத்தேன். பட்டறையில வண்டி நின்னப்ப, இடிச்சதுல தகடு நழுவியிருக்குமோன்னு கையை விட்டுத் தடவி, இன்னும் உள்ளாற அமுக்கி விட்டேன். அதனாலதான் எட்டு ஒம்பது மாசம் வண்டி நோவில்லாம ஓடியிருக்கு. ஆடி ஆடித் தகடு திரும்ப வெளிய வந்ததும் என்னையப் புடிச்சுக்கிச்சு. தம்பி தப்புங்கறதுக்கு நான் வெச்சிருந்த ஒரே சாட்சி, வண்டி நல்லா ஓடுதுங்கறது. அந்தச் சாட்சியும் என் கை வேலைதான்.

எலெக்ட்ரீசியன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அவரு மூஞ்சி மாறிருச்சு. "யாரோ உங்களுக்குச் செய்வினை வெச்சிருக்காங்க போல இருக்குதுங்களே. ஆகாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"ன்னாரு.

அப்ப நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் செத்திருக்கலாம். "யாருன்னு தெரியலையேப்பா"ன்னேன். கெரகம், எனக்குன்னு எப்பவும் இந்த ஒரு பதில்தான் வாய்க்குது. தெரியலீங்க, நான் எங்கீங்க கண்டேன். அவரு மொட்டை முனைக்கு ரப்பர் போட்டு, டேப்பு சுத்தி, புது பியூஸ் மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு. பொழுது சாயறதுக்குள்ள மலை முச்சூடும் பேச்சாயிருச்சு. வரப்புத் தகராறுல என்னோட பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி ஒருத்தன் மேல சந்தேகத்தைக் கட்டிட்டாங்க. பாவம், அவன் என் வண்டிப் பக்கமே வந்ததில்லை. நான் போயி உண்மையைச் சொல்லி அவன் மேல விழுந்த பழியைத் துடைக்கறதுக்கு மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாளும் அவன் கோயில் வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்தினான். எனக்குத்தான் தூத்தறான்னு தெரிஞ்சே கேட்டுக்கிட்டு இருந்தேன்.

ஊட்டுக்காரிகிட்ட மட்டும் அன்னைக்கே சொன்னேன். அவ கத்துவான்னு பாத்தேன், கத்தலை. "மொதல்ல போயி அவருகிட்டச் சொல்லுங்க. ஊருக்கு அப்பறம் சொல்லிக்கலாம்"ன்னா. வண்டியை எடுக்க மனசு வரலை. மறு நாள் காலையில பஸ்ஸேறினேன். வளைவுக்கு வளைவு நம்பர் போர்டு இருக்குதே, அதையெல்லாம் எண்ணிக்கிட்டே போனேன். என்ன சொல்றதுன்னு முன்னாடியே கோத்துக்கணும்னு நெனச்சேன், எண்ணிக்கை முடிஞ்சும் ஒண்ணும் கோக்க முடியலை.

சேந்தமங்கலத்துல பஸ்ஸு நிக்கற எடத்துல இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு ஊடு கட்டிக்கிட்டு இருந்தாங்க. தம்பி அங்க சாந்துச் சட்டி தூக்கிக்கிட்டு இருந்தான். எளச்சுப் போயிருந்தான். கையெல்லாம் சிமெண்டு தின்ன வெள்ளை. என்னைப் பாத்ததும், "வாங்ணா. அண்ணி நல்லா இருக்காங்களா?"ன்னான். வேத்தாளை விசாரிக்கற மாதிரி மரியாதையா விசாரிச்சான். அதுக்கு அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"வண்டி என் கையிலயும் போச்சுடா"ன்னேன். "நீ சொன்ன மாதிரியே. எல்லாம் ஒரேடியா. கோளாறு என்னன்னு கண்டுபுடிச்சாச்சு. உன் மேல ஒரு தப்பும் இல்லைடா சாமி."

அவன் சட்டியைக் கீழ வெச்சுட்டு, தொட்டித் தண்ணியில கையைக் கழுவினான். "அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்களேண்ணா"ன்னான்.

அதுக்கு மேல எனக்கு நிக்க எடம் இல்லை. நான் ஏதோ பெரிய சேதி கொண்டாந்து குடுக்கற மாதிரி வந்திருக்கேன். அவனுக்கு அது சேதியே இல்லை. "நான் வளப்பூர் போயி அவங்ககிட்ட..."ன்னு ஆரம்பிச்சேன். "விடுங்ணா, அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்"ன்னான்.

மறைச்சு வெச்சு என்ன ஆகப் போகுதுன்னு தகட்டு விசயத்தையும் சொன்னேன். எப்ப வாங்கினது, எங்க சொருகினது, ஏன் அவனுக்குச் சொல்லலை, எல்லாம். மேல சாரத்துல இருந்து கொத்தனாரு சாந்துக்குச் சத்தம் போட்டாரு. இவன் அசையலை. சொல்லி முடிக்கறவரைக்கும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான்.

"எதுக்குங்ணா வெச்சீங்க?"

"ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான்டா"ன்னேன்.

"எனக்குங்களா, வண்டிக்குங்களா?"

உனக்குத்தான்னு சொல்ல வாயெடுத்தேன். வரலை. அவன் சட்டியைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு சாரத்துல ஏறிப் போயிட்டான்.

யாரு பேருக்கு எழுதணும்னு அந்தத் தகட்டுக்காரரு கேட்டப்ப, நான் வண்டி நம்பரைத்தான் சொன்னேன்.